மிஸ்திரி சொன்ன காரணம்

மூடியில கை வைக்காதீங்க. ஏனுங்க, மொதல்ல கையை எடுங்க. இப்பத் தொறந்தீங்கன்னா மூஞ்சி வெந்துபோயிரும். எங்கழுத்துல வெள்ளையா ஒரு திட்டு இருக்குது பாருங்க, இது அப்படி அவசரப்பட்டு வாங்குனதுதான். என்ஜினை நிறுத்திட்டீங்க, கேபினைச் சாய்ச்சு விட்டாச்சு, காத்தாடட்டும். ஆறுறதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்த டயர் மேல உக்காருங்க. பழைய டயர்தான், வேட்டியில கறை ஒட்டாது.

பட்டறையில ஆளே இல்லையேன்னு பாக்கறீங்களா? இன்னைக்கு யாரும் வரமாட்டாங்க. எங்கிட்ட வேலை செய்யற ரெண்டு பேரு, பக்கத்துல வெல்டிங் போடறவன், எதுத்தாப்புல டீக்கடைக்காரன், எம்பொண்டாட்டி பூங்கொடி, எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. எந்தங்கச்சி மக கல்யாணம். கூடப்பொறந்த தங்கச்சிதானுங்க, பாவாயின்னு பேரு. மண்டபம் இங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஒம்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம். இப்ப மணி என்ன? ஒம்பதேகாலா. சரி, நேரம் கெடக்குது.

நானா? நான் எப்படிங்க போறது? நீங்கதான் ஆவி பறக்க வந்து நிக்கறீங்களே. கொதிக்கிற வண்டியை விட்டுப்போட்டு மிஸ்திரி கல்யாணச் சோத்துக்குப் போயிட்டான்னு நாளைக்கு சங்ககிரி பூரா பேசுவாங்க. செங்கோடன் அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க. முப்பத்தோரு வருஷமா இந்த பைபாஸ்ல என்ஜின் வேலை பாக்கறேன், பாதியில விட்டுட்டுப் போனான்னு ஒருத்தன் சொல்லட்டும்.

அதுவும் நான் சும்மா விருந்தாளி இல்லைங்க. பொண்ணுக்குத் தாய்மாமன். உங்க தஞ்சாவூர்ப் பக்கம் எப்படியோ, எங்க பக்கத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடி தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டணும். ஜரிகைத் தகட்டுல பண்ணுனது. மாமன் அதைக் கட்டுனாத்தான் மத்ததெல்லாம். பாவாயிக்கு நான் ஒருத்தன்தான் கூடப்பொறந்தவன். பட்டம் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. அதோ, ஸ்பேனர் பெட்டி மேல மஞ்சப் பை இருக்குதுல்ல, அதுக்குள்ளதான் இருக்குது. கிரீஸ் படக்கூடாதுன்னு பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன். உள்ள ஒரு வெள்ளை வேட்டி சட்டையும் மாட்டியிருக்குது. சும்மா கொண்டாந்து மாட்டுனேன். வீட்டுல இருந்தா பூச்சி அரிக்கும்.

உங்க வண்டியைப் பாக்கறேன், பாக்கறேன். பேசிக்கிட்டே பாக்கறதுதான் எம்பழக்கம். ஃபேன் பெல்ட்டு டைட்டாத்தான் இருக்குது. ஆவியில எண்ணெய் வாசம் இல்ல. ஆயில் கம்பியை உருவிப் பாத்தேன், வெளுக்கல, அப்ப என்ஜினுக்குள்ள தண்ணி எறங்கல. அது வரைக்கும் நல்லது. என்ன லோடு? வைக்கோலா. அந்தியூருக்கா. வயலுக்குள்ளயே வண்டியை விட்டு ஏத்துனீங்களா? ம். சரி, இருங்க, பாக்கலாம். வைக்கோல் ஒரு மணி நேரம் பிந்திப் போனா மாடு ஒண்ணும் கோவிச்சுக்காது.

கோவிச்சுக்கறது மனுசங்கதான். நான் ஏன் போகலன்னு கேக்கறீங்க. கேளுங்க, உங்களுக்கென்ன, வெளியூரு, நாயம் சொல்லுவீங்க.

எந்தங்கச்சி புருசன் பேரு அர்த்தனாரி. எனக்கு மாப்பிள்ளை முறை, என்னைய மச்சான்னு கூப்பிடுவான். கூப்பிட்டுக்கிட்டிருந்தான். லாரி டிரைவர். இருபத்திரெண்டு வருஷம் ஒரே ஓனர்கிட்ட ஓட்டுனான், நாச்சிமுத்துன்னு ஒருத்தர், ஆறு வீல் வண்டி. சேலத்துல ஜவ்வரிசி மூட்டை ஏத்துனா, பவானி, சத்தியமங்கலம், அப்படியே திம்பம் மலை ஏறி மைசூர்ல எறக்கணும். திம்பத்துல இருபத்தேழு வளைவு. அடிவாரத்துல பண்ணாரி அம்மன் கோயில். அவன் அங்க நிறுத்தாமப் போகமாட்டான். ஒரு சூடம் பத்த வைப்பான், தண்ணி டப்பாவுல அளவு பாப்பான், அப்புறந்தான் மலை. அவன் சூடத்தை மறந்தாலும் தண்ணியை மறக்கமாட்டான்னு டிரைவருங்க சொல்லுவாங்க. நானே அப்படி நெறயப் பேருகிட்டச் சொல்லியிருக்கேன். எம்மாப்பிள்ளைங்க, பெருமையாத்தான் இருந்துச்சு.

நாச்சிமுத்து புது மாடல் வண்டி ஒண்ணு எடுத்தாரு. கம்பெனி சர்வீஸ் முடிஞ்சதும் எங்கிட்டத்தான் வந்துச்சு. எல்லாம் பாத்து, ஆயில் மாத்தி, தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுட்டு அனுப்புனேன்.

அது என்னன்னு கேக்கறீங்களா? அதோ செவுத்துல கம்பியில கோத்துத் தொங்குதே பித்தளையா, அம்பது அறுபது இருக்கும், அதுதான். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒக்காந்திருக்கும். தண்ணி சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற வழியை அடைச்சு வெச்சிருக்கும். சூடானா தொறக்கும். குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்குக் கண்டுபுடிச்சது. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க? எப்பவாவது தொறக்காம மாட்டிக்கிட்டா வண்டியே போச்சு. அதனால நாங்க இந்தப் பட்டறைப் பக்கம் எந்த வண்டி வந்தாலும் மொதல் வேலையா அதைக் கழட்டிருவோம். நான் மட்டுமில்ல, எல்லா மிஸ்திரியும்தான். டிரைவருங்களே கேட்டுக் கழட்டுவாங்க. முப்பது வருஷமா கழட்டியிருக்கேன். ஒரு வண்டி கொதிச்சதில்ல.

அடுத்த மாசம் நாச்சிமுத்து வண்டி திம்பத்துல ஒம்பதாவது வளைவுல கொதிச்சு நின்னுச்சு.

கொதிக்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குதுங்க. டாக்டர் மாதிரிதான் நாமளும், ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வரணும். மொதல்ல பெல்ட்டு மாத்துனேன். மறுபடி கொதிச்சுது. ரேடியேட்டரைக் கழட்டி உள்ள கம்பி விட்டுக் குத்தி அழுக்கெடுத்தேன். மறுபடி கொதிச்சுது. வாட்டர் பம்ப்பை மாத்துனேன், மூடியை மாத்துனேன், ஹோஸ் ரெண்டையும் மாத்துனேன். ஒவ்வொரு தடவையும் அர்த்தனாரி வண்டியைக் கொண்டாந்து இந்த எடத்துலதான், நீங்க நிறுத்தியிருக்கற எடத்துலதான் நிறுத்துவான். எறங்கி வந்து ஒரே பாட்டுப் பாடுவான். மச்சான், காலையில ஸ்டார்ட் பண்ணி பதினஞ்சு கிலோமீட்டர் போனாலும் சூடு காட்டற முள்ளு ஏறவே மாட்டேங்குது, சமதரையில பச்சத் தண்ணியாட்டம் ஓடுது, மேடு ஏறுனா மட்டும் கொதிக்குது, அது ஏன்னு பாருங்கன்னு.

எனக்கு எரிச்சலா வந்துச்சு. கொதிக்கிற வண்டிக்கு வைத்தியம் பாருன்னா, சூடேறாத கதையைச் சொல்றான். வண்டியை ஓட்டறவன் ஓட்டு, பாக்கறவன் பாத்துக்குவான்னு சொன்னேன். இங்க நின்னுக்கிட்டிருந்த நாலஞ்சு டிரைவருங்க சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அப்பெல்லாம் சிரிப்பான்.

நாலாவது தடவை வண்டி தானா வரல. கட்டி இழுத்துட்டு வந்தாங்க. என்ஜின் ஹெட்டைக் கழட்டிப் பாத்தா வளைஞ்சு போயிருக்குது, கேஸ்கெட் கருகிக் கெடக்குது. நாச்சிமுத்து வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே அந்த டயர் மேல உக்காந்து, என்ன மிஸ்திரி காரணம்னு கேட்டாரு. சுத்தி ஏழெட்டுப் பேரு. அர்த்தனாரி அந்தத் தூணுகிட்ட நின்னுக்கிட்டிருந்தான்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மாசமா ஒரு வண்டிக்கு வேலை பாத்திருக்கேன். எல்லாத்தையும் மாத்தியாச்சு. என்ன காரணம்னு ஓனர் கேக்கறாரு. தெரியலைங்கன்னு ஒரு மிஸ்திரி சொல்ல முடியுமா? சொன்னா அப்புறம் எவன் வண்டியை இங்க நிறுத்துவான்?

தண்ணி இல்லாம ஓட்டியிருக்கான்னு சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. பொதுவா டிரைவருங்க அப்படித்தானே பண்றாங்க? நாச்சிமுத்து அவனைத் திரும்பிப் பாத்தாரு. இருபத்திரெண்டு வருஷம் ஓட்டுனவன். அவன் என்னென்னவோ சொல்லப் போறான்னு நெனச்சேன். நான் தண்ணி பாக்காம ஓட்டுனது இல்லன்னு கத்துவான்னு நெனச்சேன். அவன் ஓனரைப் பாக்கவே இல்ல. என்னையத்தான் பாத்தான்.

"மச்சான், காலையில ஏன் சூடேற மாட்டேங்குதுன்னு மட்டும் பாருங்க. நான் போனதுக்கு அப்புறமாவது பாருங்க."

நானும் ஏதாவது பேசணுமில்ல? அம்மனைப் பாத்த மயக்கத்துல தண்ணியை மறந்துட்டே போடான்னு வேடிக்கையாச் சொன்னேன். வேடிக்கைக்குத்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கல. நாச்சிமுத்து எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டு, மிஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு, வண்டிச் சாவியை அவன் கையில இருந்து வாங்கிக்கிட்டாரு.

இங்க அப்படித்தானுங்க. டிரைவர் ஒண்ணு சொல்லி மிஸ்திரி ஒண்ணு சொன்னா, மிஸ்திரி சொல்றதுதான் நிக்கும். நான் போட்ட சட்டமா அது? அந்த வார்த்தையை நான் லோடு புக்கிங் ஆபீஸ்ல போய்ச் சொன்னேனா, டீக்கடையில சொன்னேனா? இங்க நின்னவங்க சொல்லியிருப்பாங்க. ஒரு வாரத்துல திருச்செங்கோடு, நாமக்கல் வரைக்கும் போயிருச்சு. தண்ணியில்லாம ஓட்டி ஹெட்டை வளைச்சவன்னு பேரு விழுந்தா எந்த ஓனரும் சாவி குடுக்கமாட்டான். அதுவும் சொந்த மச்சானே சொல்லியிருக்கான், அப்புறம் என்ன சந்தேகம்னு கேட்டானாம் ஒருத்தன். அஞ்சாறு மாசம் ஒவ்வொரு ஆபீஸ் வாசலா ஏறி எறங்குனான். இப்ப பவானி ரோட்டுல ஒரு நூல் மில்லுல கேட்டுக்கு நிக்கறான். காக்கிச் சட்டைதான், ஆனா லாரிக்காரன் காக்கி இல்ல. லாரி வந்தா கேட்டைத் தொறக்கணும், போனா சாத்தணும்.

நீங்க அந்தியூர் போற வழியிலதான் அந்த மில்லு. இடதுபக்கம் வரும்.

மணி என்னங்க? ஒம்பதே முக்காலா? இல்ல, இன்னும் ஆறியிருக்காது. தொடாதீங்க. வெளிய ஆறுன மாதிரி இருக்கும், உள்ள கொதிச்சுக்கிட்டிருக்கும்.

அப்புறம் என்னாச்சுன்னா, நாச்சிமுத்து புது டிரைவரைப் போட்டாரு. ஹெட்டைச் சரி பண்ணிக் குடுத்தேன். ஒரு மாசங்கூட ஆகல, திம்பத்துல அதே வளைவுக்கிட்ட மறுபடி கொதிச்சுது. புது டிரைவரு தண்ணி பாக்கற ஆளுதான். நாச்சிமுத்து இங்க கொண்டாரல. சேலத்துல கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிட்டாரு. அங்க ஒரு பொண்ணு, படிச்ச பொண்ணாம், வண்டியைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சாம். காலையில சூடேற நேரமாகுதான்னு.

அந்தப் பொண்ணு சொன்னதை நாச்சிமுத்து எங்கிட்ட வந்து அப்படியே ஒப்பிச்சாரு. இந்தப் புது என்ஜின்ல வால்வு ரெண்டு வேலை பாக்குதாம். தொறக்கும்போது ரேடியேட்டருக்குப் போற வழியைத் தொறந்துட்டு, என்ஜினுக்கே திரும்பற குறுக்கு வழி ஒண்ணு இருக்குதாம், அதை அடைச்சிருமாம். வால்வே இல்லன்னா அந்தக் குறுக்கு வழி தொறந்தே கெடக்குமாம். சூட்டுத் தண்ணியில பாதி ரேடியேட்டருக்கே போகாம சுத்திச் சுத்தி என்ஜினுக்கே வந்துருமாம். காலையில அதனாலதான் சீக்கிரம் சூடேறல, தண்ணி கொஞ்சங் கொஞ்சமா ரேடியேட்டர் பக்கமும் போய் ஆறிக்கிட்டே இருக்குது. மலையில லோடோட ஏறுனா அந்தப் பாதி பத்தல. கொதிக்குது. பழைய என்ஜின்ல கழட்டுனா தப்பிச்சுக்கும், இதுல கழட்டவே கூடாதாம். ஒரு வால்வைப் போட்டு அனுப்புனாங்க. அதுக்கப்புறம் கொதிக்கவே இல்லைங்கறாரு.

நான் அதை ஒத்துக்கல. ரேடியேட்டர் நான் குத்திக் குடுத்தது, பம்ப்பு நான் மாத்துனது, அதெல்லாம் சேந்துதானே சரியாச்சு? கடைசியா வந்தவன் பேரு வாங்கிட்டுப் போறான். அப்படித்தான் சொன்னேன் நாச்சிமுத்துகிட்ட. அவரு அந்தக் கம்பியில தொங்கற வால்வையெல்லாம் பாத்தாரு. அப்புறம், நான் அர்த்தனாரி வீட்டுக்குப் போய் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன், திரும்ப வண்டிக்கு வான்னு கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டான், நீயும் போய் ஒரு வார்த்தை சொல்லிரு மிஸ்திரின்னாரு.

என்ன வார்த்தைங்க? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சதைப் போய் என்னத்தைச் சொல்றது? நானாவது பேசாம இருந்தேன். வேற ஒருத்தனா இருந்தா அந்தச் சேலத்துப் பொண்ணுகிட்டப் போய் சண்டை போட்டிருப்பான்.

நீங்க ஒண்ணு நெனச்சுப் பாக்கணும். நான் அன்னைக்கு அவன்கிட்டப் போய் தப்பு என்னுதுதான்னு சொல்லியிருந்தா என்னாகும்? முப்பத்தோரு வருஷத்துல எத்தனை வண்டியில அதைக் கழட்டியிருப்பேன். அதுல எத்தனை புது மாடலு. ஒவ்வொருத்தனா வந்து நிப்பான், என் வண்டி ஹெட்டு வளைஞ்சதுக்கும் நீதான் காரணமான்னு. எத்தனை டிரைவருங்க வேலை போச்சோன்னு கணக்கெடுப்பான். நான் அப்புறம் இந்த போர்டைக் கழட்டிட்டு எங்க போய் உக்காருவேன்?

இப்பெல்லாம் நான் கழட்டறது இல்ல. அது வேற விசயம். கழட்டுன வண்டி வந்தாக்கூட சத்தமில்லாம ஒண்ணு போட்டு அனுப்பிருவேன். யாருகிட்டயும் சொல்றது இல்ல. ஹோஸ் மாத்துனேன்னு சொல்லிருவேன்.

அர்த்தனாரி ஒரே ஒரு தடவை இங்க வந்தான். போன ஆடியில. மத்தியானம், நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். வந்தவன் நாங்க டீ வைக்கற ஸ்டவ்வைப் பத்த வெச்சான், போசியில தண்ணி ஊத்தி வெச்சான். கம்பியில இருந்து ஒரு வால்வை உருவுனான். அவன் ஓட்டுன வண்டியோடது, புது மாடல், தட்டு ரெண்டு இருக்கும், பாத்தாலே தெரியும். தண்ணியில போட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். நானும் சோத்துக் கையோட பாத்துக்கிட்டிருந்தேன். தண்ணி கொதி வர்றதுக்கு முன்னாடி வால்வு மெதுவா மேல எந்திரிச்சுது. கீழ் தட்டு எறங்குச்சு. ஒரு பக்கம் தொறந்துச்சு, ஒரு பக்கம் அடைச்சுது. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியேதான்.

அவன் ஸ்டவ்வை அணைச்சான். போசியைக் கழுவிக் கவுத்து வெச்சான். வால்வைத் தொடைச்சு மறுபடி கம்பியிலயே கோத்துட்டு, போயிட்டான்.

எவ்வளவு திமிரு பாருங்க. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பாவி, எம்பொழப்பைக் கெடுத்துட்டியேன்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒண்ணுமே பேசாமப் போனா நான் யாருகிட்டப் பதில் சொல்றது? அன்னைக்கு அந்தச் சோத்தை நான் திங்கல. நாய்க்கு வெச்சேன்.

அப்புறம் இந்தக் கல்யாணம். போன மாசம் பாவாயி பத்திரிகை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் என் வாசப்படி மிதிக்கறா. பத்திரிகையில தாய்மாமன்னு எம்பேரை அடிச்சிருக்கு, மேலேயே. அர்த்தனாரிதான் அடிக்கச் சொன்னானாம். பூங்கொடி காபி வைக்க உள்ள போனா. பாவாயி உக்காரக்கூட இல்ல.

"அண்ணா, பட்டம் கட்ட நீ வரணும். வேற யாரையும் நான் நிக்க விடமாட்டேன். ஆனா பட்டத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி, அவருகிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிரு. தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக்கூடப் போதும்."

என்ன வார்த்தைன்னு கேட்டேன். தெரியாத மாதிரி கேக்காதேண்ணான்னா. உம்புருசன் சொல்லி அனுப்புனானான்னு கேட்டேன். அவருக்கு நான் கேக்கறதே தெரியாதுன்னா. காபி குடிக்காமப் போயிட்டா.

இது என்னங்க நாயம்? தாய்மாமன் உரிமைக்கு எவளாவது விலை போடுவாளா? நான் என்ன அவங்க வீட்டு வாசல்ல கை கட்டி நிக்கற ஆளா? கல்யாணப் பொண்ணு மோகனாவுக்குக் காது குத்துனது எம்மடியில வெச்சு. அவ பத்தாவதுல நல்ல மார்க் வாங்குனப்ப எங்க ரெண்டு பேரையும் லாரியில ஏத்திக்கிட்டு பண்ணாரி கூட்டிட்டுப் போனான் அர்த்தனாரி. முன் சீட்டுல நான், நடுவுல அவ. மாமா, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா நீங்க கிரீஸ் கையோட பட்டம் கட்டக்கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரணும்னா. அந்த வயசுல அப்படிப் பேசுவா.

கழுவிட்டுத்தான் வந்தேன் காலையில. பாருங்க, நகக்கண்ணுல ஒரு பொட்டுக் கருப்பில்ல. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சு, அப்புறம் சோப்பு. நீங்க வந்து இப்ப மறுபடி கறையாயிருச்சு.

பத்து ஆயிருச்சா? பத்தேகாலா?

இல்லைங்க, நீங்க கூட்டிக்கிட்டுப் போறேங்கறது உங்க நல்ல மனசு. அந்த பைக்கு சாவி உள்ளதான் இருக்குது, அஞ்சு நிமிசந்தான் ஆகும், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா உங்க வண்டியை என்ன பண்றது? அப்படியே போட்டுட்டு வந்துரலாங்கறீங்க. அதெப்படி முடியும்? வந்த வண்டியை அனுப்பாம நான் பட்டறையை விட்டு எறங்க மாட்டேன். இத்தனை வருஷம் எறங்குனது இல்ல. உக்காருங்க, உக்காருங்க.

பாவாயி காத்துக்கிட்டு இருப்பான்னு தெரியும். பத்தரை வரைக்கும் இருப்பா. ஆனா வார்த்தை சொல்லாமப் போய் நின்னா திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது? முந்நூறு பேரு முன்னாடி. சொல்லிட்டுப் போய் நின்னா, தப்பை ஒத்துக்கிட்டவன்னு ஆயிருமில்ல. ரெண்டுல எது செஞ்சாலும் நாந்தான் கெடறேன். யாராவது அதை நெனச்சுப் பாத்தாங்களா?

இருங்க, போன் அடிக்குது. பூங்கொடிதான்.

சொல்லு. ம். ம். யாரு, எடப்பாடியானா? ம். புள்ள அழுதாளா? சரி. யாரு சொன்னா? அவன் வாயாலயா சொன்னான்? சரி வெய்யி. நான் சாப்பிட்டேன். வெய்யின்னா.

முடிஞ்சுது. தாலி கட்டியாச்சு. எங்க பெரியப்பன் மகன் எடப்பாடியான் பட்டம் கட்டுனானாம். கடைசி அஞ்சு நிமிசம் வரைக்கும் பொண்ணு மணையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு, நெத்தியைக் காட்டலையாம். மாமா வரட்டும்னு சொல்லிச்சாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க, என்ன தாய்மாமனுக்குப் புடிக்காத கல்யாணமான்னு. அப்ப அர்த்தனாரி மேடை மேல ஏறி எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னானாம்.

"மச்சான் மேல ஒண்ணும் தப்பில்லைங்க. பட்டறைக்கு ஏதோ வண்டி கொதிச்சு வந்திருக்கும். அதைப் பாதியில விட்டுட்டு வர்ற ஆளில்ல அவரு. நீங்க நடத்துங்க."

கேட்டீங்களா? மொதல் மொதலா பேசறான், இத்தனை நாள் கழிச்சு. எப்படிக் குத்தறான் பாருங்க. ஊரே கூடி நிக்கற எடத்துல, வண்டி கொதிச்சதுன்னு, எம்மேல தப்பில்லன்னு. வேணும்னேதான் சொல்லியிருக்கான். இல்லைங்களா? நீங்க சொல்லுங்க, அது குத்தறதுதானே? வேற எதுக்கு ஒருத்தன் அப்படிச் சொல்லுவான்?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்கு எங்க ஊரு பேச்சு தெரியாது. விடுங்க.

அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க.

உங்க வண்டிக்கு ஒண்ணுமில்ல. வைக்கோல் தூசிதான். வயலுக்குள்ள என்ஜினை ஓட விட்டுக்கிட்டே ஏத்தியிருக்கீங்க, ஃபேன் அத்தனை தூசி சுனையையும் இழுத்து ரேடியேட்டர் முன்னாடி அப்பி வெச்சிருக்குது. காத்துப் போக வழியில்ல, அதான் கொதிச்சுது. ஒரு பிரஷ்ஷை வெச்சு மேலிருந்து கீழ தட்டுனாப் போயிரும். பத்து நிமிச வேலை. மூடி ஆறணும்னுகூட இல்ல, வெளிய தட்டறதுதானே. எப்பப் பாத்தேனா? நீங்க வந்து நின்ன உடனே பாத்துட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க பிரஷ்ஷு, இல்ல, நானே தட்டறேன். இப்ப மூடியைத் தொறக்கலாம், துணி வெச்சுப் புடிச்சு மெதுவாத் திருப்புங்க. தண்ணி ஊத்திக்கலாம்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாளைக்கு நீங்க வெறும் வண்டியா இந்த வழியாத்தானே திரும்புவீங்க? இன்னைக்கு அவன் கேட்டுல இருக்கமாட்டான், மக கல்யாணம். நாளைக்கு இருப்பான். திரும்பறப்ப வலதுபக்கம் வரும் நூல் மில்லு, ஒல்லியா, மீசை நரைச்சிருக்கும். வண்டியை ஓரமா நிறுத்தி, நேத்து சங்ககிரியில என் வண்டி நெசமாவே கொதிச்சு நின்னுச்சுன்னு சொல்லுங்க. ஹெட்டைக் கழட்டற அளவுக்குப் போயிருச்சு, ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் மிஸ்திரியால அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியலன்னு சொல்லுங்க. தூசியைப் பத்திச் சொல்ல வேண்டாம். அவன் டிரைவரு, கண்டுபுடிச்சிருவான்.

என்ன காரணத்தால கொதிச்சுதுன்னு கேட்டான்னா, தண்ணி இல்லாம ஓட்டிட்டேன்னு சொல்லிருங்க. மிஸ்திரி அப்படித்தான் சொன்னாருன்னு சொல்லுங்க.